லண்டன் போகிறவர்கள் வரிசையில் வரவும்

கே: செப்டம்பரில் லண்டனில் எம்.எஸ்ஸி. சேர்கிறேன். பெட்டியில் பால்கோவாவுக்கு இடம் ஒதுக்கலாமா?
— ஒரு மாணவர், ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: விமானம் ஏறும்வரை ஒதுக்கலாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை. பால்கோவாவை ஊரிலேயே தின்று தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். நெய் டப்பாவையும் இறக்கிவிடுங்கள். புளிக்கும் அப்பளத்துக்கும் மூட்டை கட்ட வேண்டாம். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் போனால் முருங்கைக்காய் முதல் இடியாப்ப மாவு வரை இருக்கிறது. பல கடைகள் ஈழத் தமிழர்களுடையவை, "என்ன தம்பி வேணும்?" என்றுதான் கேட்பார்கள். குக்கர் எடுத்துப்போங்கள். ஆனால் விடுதியில் தாளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். புகை அலாரத்துக்குத் தாளிப்புக்கும் தீ விபத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

கே: ரூம் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. இன்றைக்கே அட்வான்ஸ் அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். என்ன செய்ய?
— ஒரு மாணவி, மதுரை

ப: போகட்டும். அந்த 'வேறு ஆள்' பாவம்!

பார்க்காத அறைக்குப் பணம் கட்டுவது லண்டனில் புதிதாக வரும் மாணவர்கள் ஏமாறும் முதல் இடம். முதல் சில வாரங்களுக்குக் கல்லூரி விடுதியிலோ, தெரிந்தவர் வீட்டிலோ தங்குங்கள். நேரில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், ஹீட்டரைத் தொட்டுப் பாருங்கள், சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை வந்தால் இரண்டு முறை பாருங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். இங்கிலாந்தில் 2019 முதல், பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. அறையைப் பிடித்து வைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காட்டியதற்கு, உங்களைப் பற்றி விசாரித்ததற்கு என்று ஏஜென்ட் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது. டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். எதில் போட்டார் என்று எழுதிக் கேளுங்கள். ஒரு ஓட்டை மட்டும் உண்டு. வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து ஓர் அறையை மட்டும் விட்டால், இந்தத் திட்டத்தில் போடும் கட்டாயம் அவருக்கு இல்லை. நம் பிள்ளைகள் பலர் தங்குவது அப்படிப்பட்ட அறையில்தான். அங்கே ரசீது இல்லாமல் ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள், அவர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும்.

கே: அதென்ன கவுன்சில் டாக்ஸ்? கடிதத்தைப் பார்த்தாலே நடுக்கமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், சேலம்

ப: வீட்டுக்கு உள்ளாட்சி போடும் வரி. வீட்டில் எல்லாருமே முழுநேர மாணவர்கள் என்றால் கட்ட வேண்டியதில்லை. கல்லூரியில் சான்றிதழ் வாங்கி கவுன்சிலுக்கு அனுப்புங்கள். கடிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டினால் நடுக்கம் போகாது, அபராதம்தான் வரும்.

கே: சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்து செலவைச் சமாளிக்கலாம் என்கிறார் சீனியர்.
— ஒரு மாணவர், நாமக்கல்

ப: சீனியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகுங்கள். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. டெலிவரி ஆட்களைப் பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வைக்கிறார்கள். இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் தப்பு இரட்டிப்பு. கடையில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். பட்டப்படிப்பு மாணவருக்கு, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். போன வாரம் 15, இந்த வாரம் 25, சராசரி 20 என்ற கணக்கெல்லாம் செல்லாது.

கே: என் வங்கிக் கணக்கில் பணம் போட்டு எடுத்துக்கொடுத்தால் நூறு பவுண்டு தருவதாக ஒரு நண்பர்...
— விசாரிக்க மட்டும், கோவை

ப: விசாரித்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்புப் பணத்தை வெளுக்கும் குற்றத்துக்கு அங்கே அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. நண்பர் ஜாமீனுக்குக்கூட வர மாட்டார்.

கே: காய்ச்சல் வந்தால் டாக்டர் பீஸ் எவ்வளவு?
— ஒரு தாயார், காரைக்குடி

ப: ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் அம்மா. மாணவர் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு வாங்கினார்களே, அது இதற்குத்தான். பல் வைத்தியம், மருந்துச் சீட்டு தனி. உடம்பு நன்றாக இருக்கும்போதே பக்கத்து கிளினிக்கில் பெயர் பதியச் சொல்லுங்கள். 39 டிகிரி காய்ச்சலில் படிவம் நிரப்புவது கஷ்டம்.

கே: குளிரை எப்படித் தாங்குவது?
— ஒரு மாணவர், வேலூர் (வெயில்)

ப: 1914-ல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், ராத்திரி ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு நடுங்கினாராம். கட்டிலில் கம்பளிகள் இருக்கத்தான் செய்தன. மெத்தைக்கடியில் செருகி விரித்திருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நண்பர் மஹலனோபிஸ் வந்துதான் சொல்லிக்கொடுத்தார். கணித மேதைக்கே அந்த நிலை! ரேடியேட்டரை எந்தப் பக்கம் திருகுவது என்று கேட்க உங்களுக்கு என்ன கூச்சம்? குளிரைவிட இருட்டுதான் ஆளை அடிக்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் கடையைக் கட்டிவிடும். பகலில் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள்.

கே: ஆங்கிலேயரைப் போல நடை உடை மாற்றினால்தான் மதிப்பார்களா?
— ஒரு மாணவர், தஞ்சாவூர்

ப: 1888-ல் சட்டம் படிக்கப் போன காந்தி அதைச் செய்து பார்த்திருக்கிறார். பாண்ட் ஸ்ட்ரீட் சூட், பட்டுத் தொப்பி, நடன வகுப்பு, வயலின்! சில மாதத்தில் நடனத்தையும் வயலினையும் ஏறக்கட்டிவிட்டுக் காசுக் கணக்கு எழுத உட்கார்ந்தார். வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க தினமும் எட்டுப் பத்து மைல் நடந்தார். நீங்கள் நேராக நடையிலிருந்தே தொடங்கலாம். கால் வலித்தால் பஸ். ரயிலைவிட மலிவு, ரொக்கம் மட்டும் வாங்க மாட்டார்கள். மாணவர் ஆய்ஸ்டர் கார்டு எடுத்தால் மாதப் பாஸில் 30 சதவீதம் தள்ளுபடி. எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்லுங்கள். மதிப்பு அங்கேயே பாதி வந்துவிடும்.

கே: ரூமில் ஐந்து பேரும் தமிழ். தப்பா?
— ஒருவர், ஈஸ்ட் ஹாமிலிருந்தே

ப: சமையலுக்கு நல்லது, ஆங்கிலத்துக்கு நல்லதல்ல. ராத்திரி தமிழ், பகலில் நூலகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரொம்ப ஏக்கமாக இருந்தால் ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் சோவாஸ் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பாருங்கள். 1996-லிருந்து அவரும் அங்கே வெளியூர்க்காரர்தான்.

கே: அம்மா தினமும் இந்திய நேரம் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ காலில் வருகிறார். இங்கே வகுப்பு முடிகிற நேரம் அதுதான்.
— ஒரு மாணவி, லண்டன்

ப: கோடைக்கால நேரத்தில் நாலரை மணி வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். மார்ச் கடைசி வரை ஐந்தரை மணி வித்தியாசம். அம்மா அதே ஒன்பதரைக்கு அழைத்தால் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே கல்லூரி ஆபீஸுக்குப் போன் போட்டுவிடுவார்.