ஐம்பத்தோராவது மீட்டர்

தையல்காரர் கழுத்தில் தொங்குகிற டேப்பின் நீளம் ஒன்றரை மீட்டர். அதை வைத்து 50 மீட்டர் அளக்க வேண்டுமானால் 33 தடவை குனிந்து நிமிர வேண்டும். அதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் விழும். போன வாரம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி. மணி அடித்து, மதகு திறந்த மாதிரி பிள்ளைகள் வெளியே வந்த நேரம்.

"தாத்தா, ரோடு போடவா அளக்கிய?" என்று ஒரு பயல் கேட்டான்.

"இல்லப்பா, சட்டம் எதுவரைக்கும் வருதுன்னு பாக்கேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஒன்பதாவது தடவை டேப்பை வைத்து நிமிர்ந்தபோது தலையில் ஏதோ சரசரவென்று முட்டியது. மாலை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டிக்கடை வாசலில் தொங்கிய பாக்கெட் சரம். ஐந்து ரூபாய்க்கு முக்கால்வாசி காற்றும் கால்வாசி மசாலாவும் அடைத்த பாக்கெட். பக்கத்தில் கலர் கலராய்ப் பாட்டில்கள். வாசலிலிருந்து சரியாகப் பதின்மூன்றரை மீட்டர். ஐம்பதை எட்டுவதற்குள் இதே மாதிரி நாலு கடை. நாலு சரமும் என் தலையில் முட்டின.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூடக் கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. விளம்பரமும் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் போட்ட விதி. எந்தத் திசையிலும் என்பதை இன்னொரு முறை படியுங்கள். ஆகாயத்தில் 50 மீட்டர் வரை எந்தக் கடையும் இல்லை என்று நானே சாட்சி சொல்வேன். அந்த ஒரு திசையில் மட்டும் சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது.

இது பிறந்த கதையும் கேட்க வேண்டிய கதை. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. 2015இல் தீர்ப்பு. 2020 செப்டம்பரில் விதிகள். 2021 ஜூலை 1 முதல் அமல். வழக்குப் போட்ட வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, விதி அமலுக்கு வந்தபோது பிளஸ் டூவுக்கு வந்துவிட்டது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் இரண்டு ரூபாயாக இருந்த காலத்திலிருந்து தின்று முடித்திருந்தது. அமலுக்கு வந்த முகூர்த்தத்தையும் பாருங்கள். 2021 ஜூலையில் கொரோனாவால் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளி வாசலிலும் ஒரு பிள்ளைகூட இல்லை. செப்டம்பரில்தான் பெரிய வகுப்புகள் திறந்தன. சின்னப் பிள்ளைகள் வர நவம்பர் ஆனது. ஆக, இந்தச் சட்டம் ஒரு மீறல்கூட இல்லாமல் இரண்டு மாதம் நடந்தது. அதன் பொற்காலம் அதுதான்.

சரி, மிகுந்த சர்க்கரை என்றால் எவ்வளவு? விளக்கத்தைப் படித்தேன். புரதம், வைட்டமின், தாது, நார்ச்சத்து எல்லாம் குறைவாகவும், கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுதியாகவும் இருந்து, அடிக்கடியோ அதிகமாகவோ சாப்பிட்டால் உடம்புக்குக் கேடு செய்யும் என்று அறியப்பட்ட பண்டம். எவ்வளவு குறைவு? குறைவு. எவ்வளவு மிகுதி? மிகுதி. அந்த விளக்கத்தில் ஒரு எண்கூட இல்லை. தூரத்தை மீட்டர் சுத்தமாய்ச் சொன்னவர்களுக்குச் சர்க்கரையைக் கிராமில் சொல்ல நா எழவில்லை. சட்டம் எழுதும்போது அளவுகோல் மட்டும் கையில் இருந்ததுபோல. தராசை யாரோ கடன் வாங்கிப் போயிருந்தார்கள்.

இந்த 50 மீட்டர் நமக்கு ஏற்கெனவே பழகிய எண் என்பதும் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டு மதுச் சில்லறை விற்பனை விதிகளின்படி, நகராட்சிப் பகுதியில் டாஸ்மாக் கடை பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டிய தூரமும் 50 மீட்டர்தான். அப்பாவின் கடைக்கும் பிள்ளையின் கடைக்கும் ஒரே அளவு. குடும்ப ஒற்றுமையை இதைவிட அழகாக எந்த அரசாங்கம் காப்பாற்றும்? பீடி சிகரெட்டுக்கு மட்டும் 100 கஜம். ஏனோ அங்கே கொஞ்சம் கண்டிப்பு.

மூன்றாவது கடை அண்ணாச்சி எனக்குத் தெரிந்தவர். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். "டேப்பை மடிச்சு வைங்க சார். கடலை மிட்டாய் வச்சுப் பார்த்தேன். கோவில்பட்டிச் சரக்கு, நல்ல சரக்கு. பிள்ளைய திரும்பிப் பாக்கல. சரத்துல தொங்குறது டிவியில ஆடுது, போன்ல பாடுது. என் கடலை மிட்டாய் எங்க போய் ஆடும்?" என்றார். குளிர்பெட்டியைக் காட்டினார். கம்பெனி கொடுத்தது. அதில் மோர் பாக்கெட் வைக்கக் கூடாது என்று கண்டிஷன். தலைக்கு மேலே இருந்த போர்டும் கம்பெனி கொடுத்ததுதான். பானத்தின் பெயர் ஒரு முழ எழுத்தில். அண்ணாச்சி மகள் பெயரில் உள்ள கடையின் பெயர் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி. 50 மீட்டருக்குள் விளம்பரம் கூடாது என்ற விதியை அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியா சார்?" என்று குடிக்க ஒரு கலர் கொடுத்தார். குடித்தேன். வெயில்.

2017இல் ஜல்லிக்கட்டுச் சூடு ஆறுவதற்குள், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது இதே அண்ணாச்சி இதே பெட்டியில் நாட்டு கலரை அடுக்கினார். மறுநாள், மார்ச் 2 அன்று, கங்கைகொண்டான் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த மனுக்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தள்ளுபடியாயின. நம் ஆற்றுத் தண்ணீரில் பத்துக்கு ஒரு பங்கு சர்க்கரை கரைத்து நம் பிள்ளைக்கே திரும்பி வருகிறது. ஆறு கடலுக்குப் போகாமல் வீட்டுக்கே வருகிறதே, அதையும் பாராட்டத்தான் வேண்டும்.

பள்ளிகளுக்குத் தரமான தின்பண்டம் சப்ளை செய்யத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு, இவ்வளவு அளந்த அனுபவத்தில் சில யோசனைகள். பண்டத்தை மாற்ற வேண்டாம். கவரை மாற்றினால் போதும். மைதாவின்மேல் ஒரு கோதுமைக் கதிர் படம் போடுங்கள். எண்ணெயில் பொரித்ததைப் பச்சைக் கவரில் அடையுங்கள். சர்க்கரைத் தண்ணீருக்கு 'எலக்ட்ரோலைட்' என்று பெயர் வையுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓஆர்எஸ் கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அதைப் போலப் பல மடங்கு சர்க்கரை கரைத்து, அதே மூன்று எழுத்தைப் பெட்டியில் அச்சடித்து, மருந்துக்கடையிலேயே விற்றார்கள். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு முந்திய வருஷம், 2024 ஏப்ரலில், 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது, அந்த வரிசையிலிருந்து போன்விட்டா உள்ளிட்ட பானங்களை எடுங்கள் என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய அரசு சொன்னது. தலைமுறை தலைமுறையாக நாம் பாலில் கலக்கிக் கொடுத்த ஆரோக்கியத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லையாம். ஸ்பூனைக் கழுவி வைத்தாயிற்று.

நான்காவது கடைக்குப் பக்கத்தில் முன்பு ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பாள். சாக்கு விரித்து, பனங்கிழங்கு, அவித்த கடலை, நெல்லிக்காய், சீசனுக்கு நாவல், நுங்கு. மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுப்பாள். ஒரு நாள் ஜீப்பில் வந்த யாரோ 'சுகாதாரம் இல்லை' என்று சாக்கைச் சுருட்டச் சொன்னார்கள். ஆச்சியிடம் லைசென்ஸ் இல்லை. பனங்கிழங்குக்கு பேட்ச் நம்பர் இல்லை. நுங்குக்குக் காலாவதி தேதி இல்லை. சரத்தில் தொங்கிய பாக்கெட்டுக்கோ 14 இலக்க உரிம எண் இருந்தது. எண் உள்ளது பிழைத்தது. பழம் உள்ளது எழுந்து போனது. இன்று அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. காலி பாக்கெட்டுகள்தான் கிடக்கின்றன.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. தமிழ்நாடு உடனே தடை போட்டது. சரியான காரியம். மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய் அலைந்த வடநாட்டுப் பையன்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். சைக்கிள்காரனிடம் மின்னல் வேகத்தில் பாய்கிற சட்டம், லாரியில் வருகிறவனிடம் போகும்போது மட்டும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகிறது.

லாரிக்காரருக்கு என்ன செய்தார்கள்? நட்சத்திரம் கொடுக்கலாம் என்றார்கள். 2022 செப்டம்பரில் ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. பாக்கெட்டின் முகத்தில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை. ஆக மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் நிச்சயம். காசி விசுவநாதர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர் கேட்பாரே, பெயர், ராசி, நட்சத்திரம் என்று. அந்த மாதிரி இனிச் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் ஒரு அர்ச்சனை செய்துவிடலாம். சிலி நாட்டில் 2016லேயே கறுப்பு எண்கோணத்தில் 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்' என்று பாக்கெட் முகத்திலேயே குத்திவிட்டார்கள். அந்த முத்திரை விழுந்த பண்டம் அங்கே பள்ளிக்குள் நுழைய முடியாது. பிள்ளைகளை மயக்கும் பொம்மைப் படமும் அதன்மேல் போட முடியாது. இங்கே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எச்சரிக்கை முத்திரை பற்றி மூன்று மாதத்தில் முடிவு சொல்லுங்கள் என்றது. மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு மூன்று மாதம் கேட்டு வாங்கினார்கள். அதே வருஷம் மே மாதம், பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வையுங்கள் என்று சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. எதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று பிள்ளைகள் பலகையைப் பார்த்துப் படிப்பார்கள். பலகை கேட்டுக்கு உள்ளே. பதின்மூன்றரை மீட்டரில் செய்முறைத் தேர்வு.

இத்தனையும் எந்த ஊரில் நடக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று பிட்டி தியாகராயர் காலத்தில் சோறு போட்ட மாநிலம் இது. 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., பிறகு வாரம் ஐந்து முட்டை, 2022 செப்டம்பர் 15 முதல் காலைச் சிற்றுண்டி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாய்ப் பட்டியல். உலகமே வந்து பார்த்து எழுதிப்போன காரியம். நூறு வருஷமாய்த் தட்டில் கவளம் கவளமாய் வைத்த சத்தை, நாலு மணிக்கு ஐந்து ரூபாய்க்குக் கடைவாசலில் இறக்கிவிட்டுப் போகிறது பிள்ளை. சத்துணவுக் கூடத்தில் முட்டையை எண்ணிக் கணக்கு எழுத ஆள் உண்டு. வாசலுக்கு வெளியே சரத்தை எண்ண ஒரு ஆளைக் காணோம். காலையில் உப்புமா கிண்டிய அம்மாவின் கை இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்போதே அந்த உழைப்பை அரசாங்கம் ரோட்டில் விட்டுவிடுகிறது. இதற்குக் கோபப்படாமல் நகைச்சுவை எழுதச் சொல்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை, சாரல் விழுகிறது என்று பேரனைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். ஐந்தருவியில் குளித்து, சூடாய் மிளகாய் பஜ்ஜி தின்று (நானும் யோக்கியன் இல்லை), திரும்பும் வழியில் அவன் ஒரு பாக்கெட் கேட்டான். மங்குஸ்தான் வாங்கித் தருகிறேன் என்றேன். அழுதான். வாங்கிக் கொடுத்தேன். கவரைப் பிரிப்பதற்குள் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து கை நீட்டியது. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய காலத்தில் இந்த மலைக் குரங்குகள் பழம் தின்றுகொண்டிருந்தன. இப்போது அவற்றுக்கும் ஆரஞ்சுப் பொடி தடவியதுதான் பிடிக்கிறது. பேரன் பயந்துபோய்ப் பாக்கெட்டை அதன்முன் நீட்டினான்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தடியைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏ தம்பி! குரங்குக்கு அதெல்லாம் குடுக்கக் கூடாது. அதுக்கு வயித்துக்கு ஆகாது, சீக்கு வந்துரும்" என்று குரங்கை விரட்டினார். கீழே விழுந்த பாக்கெட்டை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை கையில குடுங்க சார். பாவம், அழுதான்ல."