லாரி ஓட்டிய மிலிட்டரிக்காரர்

எங்கள் பெரியப்பா ராணுவத்தில் இருந்த காலம் முழுக்க ஒரு எதிரியைக்கூடச் சுட்டதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். ஊர்தான் நம்பாது. ஆர்மி சர்வீஸ் கோர் என்கிற சப்ளைப் பிரிவில் அவர் லாரி டிரைவர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சில சமயம் உயிருள்ள ஆடு, இவற்றை முகாம் முகாமாகக் கொண்டுபோய் இறக்குவது வேலை. ஆனால் குன்றத்தூரில் அவரை லாரி டிரைவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. மிலிட்டரிக்காரர். அவ்வளவுதான்.

1962 சீனப் போரில் அடி வாங்கிய பிறகு மத்திய அரசு படையை அவசரமாகப் பெருக்கியது. அந்த அலையில் போனவர் அவர். தாத்தாவுக்குப் பட்டுத்தறி. மூத்த பிள்ளை தறிக்குழியில் இறங்க வேண்டியவன், பெங்களூருக்கு ரயிலேறி, சக்திமான் லாரியில் ஏறிவிட்டான். ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமம் தர, ஜபல்பூரில் செய்த வண்டி அது. அதன் ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் திருப்பினால் காலையில் தின்ற நாலு சப்பாத்தியும் செரித்துவிடும் என்பார்.

வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர் வரும். இரண்டு அத்தைகளின் கல்யாணம், என் அப்பாவின் படிப்பு, கூரைக்கு மங்களூர் ஓடு எல்லாம் அந்த மணியார்டரில் நடந்தவை. இரண்டு கல்யாணத்துக்கும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் உட்கார வேண்டிய இடத்தில் யூனிபாரம் போட்ட அவர் போட்டோவை நாற்காலியில் வைத்து, அதற்கும் சந்தனம் பூசினார்களாம். சின்ன அத்தை கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் இருக்கிறது. மாப்பிள்ளையைவிட போட்டோதான் கம்பீரமாக இருக்கும்.

1965-இல் தமிழ்நாட்டுப் பையன்கள் இந்திப் பலகைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது, லீவில் வந்திருந்த பெரியப்பா ராத்திரி தூக்கத்தில் இந்தியில் உளறினாராம். தெருவில் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று பாட்டி ஜன்னலைச் சாத்தினாள். அதே இந்திக்கு நாற்பது வருஷம் கழித்து வந்த மவுசைப் பார்க்கப் பாட்டி இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்ய ஆரம்பித்து, பிறகு ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலைகளாக நிரம்பியதும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் எங்கள் பக்கம் அறைக்கு எட்டுப் பேராகக் குடிவந்தார்கள். வீட்டுக்காரர்கள் வரிசையாக எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். தார் டப்பா தூக்கிய தலைமுறைக்காரர் ஒருவரே வந்து நின்றார்.

"அண்ணே, வாடகை ரெண்டு மாசம் பாக்கி. கொஞ்சம் அவங்க பாஷையில கேட்டுச் சொல்லுங்க."

பெரியப்பா போவார், கேட்பார். ஆனால் போன இடத்தில் அந்தப் பையன்களுக்குச் சம்பளப் பிடித்தம் ஏன் இவ்வளவு, பி.எஃப். எண் கொடுத்தார்களா என்று விசாரித்துக்கொண்டு, அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். வாடகை வந்ததோ என்னவோ, எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்குப் பீகார் இனிப்பான தேகுவா வந்தது.

ஓய்வுபெற்று வந்த புதிதில் ஊர்ப்பொது வேலை எல்லாவற்றையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். முதியோர் பென்ஷன் மனு, விதவைச் சான்றிதழ், தெருவிளக்கு, கால்வாய் தூர்வாரல். இதில் அவருடைய பிரம்மாஸ்திரம் மிலிட்டரி கேன்டீன் ரம். அவர் குடிக்க மாட்டார். கோட்டா பாட்டிலை மட்டும் விடாமல் வாங்கிவந்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைப்பார். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லையோ, அந்தக் கம்பத்துக்குரியவருக்கு ஒரு பாட்டில். லஞ்சமல்லவா என்று கேட்டால், "பணமா குடுத்தாதான் லஞ்சம், இது ரேஷன்" என்பார். சப்ளைப் பிரிவுக்காரர் வேறெப்படி யோசிப்பார்? 2003-இல் டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளைத் திறந்ததும் அந்த அஸ்திரம் மழுங்கியது. அதே வருஷம்தான் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும் வந்தது. ஒரு கை பிடுங்கியது, இன்னொரு கை கொடுத்தது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பிள்ளைகள் போர்க்கதை கேட்டால் தன் கதை சொல்ல மாட்டார். 1971 பாகிஸ்தான் போரில் ஷகர்கர் முனையில் இருந்தார் என்பது உண்மை. பசந்தர் ஆற்றங்கரையில் 16-ஆவது மதராஸ் பட்டாலியன் டிசம்பர் நடுவில் சண்டை போட்டதும், அதன் தளபதி கய் அங்கே விழுந்ததும் உண்மை. "சண்டை போட்டது அந்தப் பசங்க. நான் அரிசி கொண்டுபோனேன். மதராஸி சிப்பாய்க்குச் சோறு இல்லாட்டி கோவம் எதிரி மேல வராது, நம்ம மேல வரும்" என்பதோடு அந்தப் போர் முடிந்துவிடும்.

பதிலாகச் சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொல்வார். நம்ம ஜில்லாக்காரர், காஞ்சிபுரத்துக் கீழ்ஒட்டிவாக்கம். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டு போகும்போது கூட வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். அது எழும்பி வெடிப்பதற்குச் சில விநாடி அவகாசம். ஓடிப்போக அது போதும். சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டார். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். பெரியப்பா இந்த இடத்தில் குரலை உயர்த்த மாட்டார், கையை ஆட்ட மாட்டார். ஆகவே பிள்ளைகளுக்குச் சுவாரஸ்யப்படாது. "தாத்தா, நீங்க எத்தன பேர சுட்டீங்க?" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள்.

சண்டையைப் பற்றி அவர் சொன்ன உண்மையை நம்பாத ஊர், தண்ணீரைப் பற்றிச் சொன்னதையும் நம்பவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் போகும் வழி அவருக்குக் கால்பழக்கம். வருஷா வருஷம் மழைக்கு முன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கால்வாய்க் கரைகளில் முள்வெட்டியவர். அந்தப் பள்ளங்களில் மனைக்கல் நட்டபோது, வாங்க வந்தவர்களிடம் போய், "இது தண்ணி போற பாதைம்மா" என்றார். புரோக்கர்கள், "மிலிட்டரி ஐயா கொஞ்சம் அப்படித்தான்" என்று சமாளித்தார்கள். ஏரிக்கு 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். மனைக்கல் எதற்கும் நீச்சல் தெரியவில்லை.

அன்றிரவு எழுபது தாண்டிய மனிதர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேட்டில் இருந்த கல்யாண மண்டபத்தைத் திறக்கவைத்து, அரிசி மூட்டைகளை எண்ணி இறக்கினார். யாருக்கு எத்தனை படி என்று நோட்டுப் போட்டு எழுதினார். ராணுவத்தில் கற்ற வித்தை ஊருக்கு நேரடியாகப் பயன்பட்டதைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் அதற்கு யாரும் சால்வை போடவில்லை. சால்வையெல்லாம் ஆகஸ்ட் 15-இல், எல்லையைக் காத்ததற்காக.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு மிலிட்டரிக்காரர் என்றால் மரியாதை. இப்போது ஒரகடம் சாலையில் கேட்டுக்குக் கேட்டு மிலிட்டரிக்காரர்கள். சிப்பாய் நாற்பது வயதுக்குள்ளேயே பென்ஷனோடு வெளியே வந்துவிடுகிறான். பிள்ளைகள் படிப்பு அப்போதுதான் ஆரம்பம். 1986-இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ வழியாகவோ, தனியார் ஏஜென்சி வழியாகவோ மறுபடி ஒரு யூனிபாரம். பேரன் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலைக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு பெரியப்பா ஒருமுறை போனார். வாசலில் இருந்தவர் முன்னாள் நாயக். கேன்டீன் கார்டைக் காட்டியதும் விறைத்து நின்று ஜெய்ஹிந்த் சொன்னார். எந்த யூனிட், எந்த ஸ்டேஷன் என்று அரைமணி நேரம் பேச்சு. கடைசியில், "மன்னிச்சுக்கணும் சாப், கேட் பாஸ் இல்லாம உள்ள விட முடியாது" என்று கேரியரை மட்டும் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு வருத்தம். பெரியப்பாவுக்கு ஒரே குஷி. "இவன்தான்டா ஆளு" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். வழியில் டைம்லரின் பாரத்பென்ஸ் தொழிற்சாலையிலிருந்து புது லாரி ஒன்று வந்தது. 2012 முதல் அங்கே செய்கிறார்கள். "ஜெர்மன்காரன் என்னை விடமாட்டான் போலிருக்கு" என்றார்.

கடைசி வருஷங்களில் நவம்பர்தோறும் உயிரோடிருப்பதை நிரூபிக்கக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. முள்வெட்டி, மூட்டை தூக்கித் தேய்ந்த விரல். கணினி அவரை ஏற்கவில்லை. ஊரிலிருந்த கிழவிகளுக்கெல்லாம் உயிர்ச்சான்று வாங்கித் தந்தவர், மெஷின் முன்னால் சாவகாசமாக ஒவ்வொரு விரலாக நீட்டிக்கொண்டிருப்பார். கட்டைவிரல் கைவிட்டால் மோதிரவிரல். கடைசியில் ஏதோ ஒன்று அவர் இருக்கிறார் என்று சாட்சி சொல்லும்.

அவர் போனபோது தெருமுனையில் பெரிய பிளெக்ஸ். பின்னால் டாங்க், மேலே போர்விமானம், கையில் ஏகே-47. முகம் மட்டும் அவருடையது. வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு அதையே புதுப்பிக்கிறார்கள். சென்ற ஆண்டு ஹெலிகாப்டரும் சேர்ந்துவிட்டது.

டிசைன் செய்கிற தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். சக்திமான் லாரியின் படியில் காலை வைத்துக்கொண்டு அவர் நிற்கிற போட்டோ என்னிடம் இருக்கிறது, பின்னால் அரிசி மூட்டைகளும் தெரிகின்றன. கேட்டால் அனுப்புகிறேன். டாங்கை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள்.