நாலுல நிக்கணும்

(கலகெதர பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. மாமா ஒரு காலத்தில் ஹந்தானைப் பக்கத் தோட்டமொன்றில் காமன் கூத்துக்கு மன்மதன் வேஷம் கட்டியவர்; இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். மருமகன் கண்டியில் ஒரு லீசிங் கம்பனியில் தவணை வசூலிக்கிறவர்.)

மாமா: என்ன மருமகனே, நின்ன எடத்துலயே முன்னுக்கும் பின்னுக்கும் போற? பஸ்ல ஏறவா வேணாமான்னு யோசனையா?

மருமகன்: சல்சா மாமா. ஸ்ட்ரெஸ் குறையும். போன்ல வீடியோ பார்த்துப் பழகுறேன்.

மாமா: ஆட்டோவத் தூக்கிட்டுப் போறவன் நீ. பறிகுடுத்தவனுக்குல்ல ஸ்ட்ரெஸ் வரணும்?

மருமகன்: மாசக் கடைசியில டார்கெட் நெஞ்சு மேல ஏறி உக்காருது. ராவுல தூக்கமில்ல. ஆடினா உடம்பு வேர்க்குது, எண்ணிக்கிட்டே கால் வைக்கிறதுல வேற நெனப்பு வர்றதில்ல.

மாமா: பகல் பூரா எண்ணுறது பத்தாதா?

மருமகன்: இது எட்டு வரைக்கும்தான். ஒண்ணுல இடது கால் முன்னுக்கு. ரெண்டுல வலது கால் இருந்த எடத்துலயே. மூணுல இடது திரும்ப நடுவுக்கு. நாலுல நிக்கணும். அஞ்சுல வலது கால் பின்னுக்கு, ஆறுல இடது இருந்த எடத்துல, ஏழுல வலது நடுவுக்கு. எட்டுல நிக்கணும்.

மாமா: நாலுல நின்னா யாரும் கேக்க மாட்டாங்களா?

மருமகன்: நிக்காமப் போனாத்தான் பிழை. புதுசா பழகுறவங்க அங்கதான் தாளத்தை விட்டுடுறாங்க.

மாமா: நல்ல சட்டம். எந்த ஊருது?

மருமகன்: கியூபாவோட சொன், மாம்போ எல்லாம் நியூயோர்க்குக்குப் போய் அங்க இருந்த போர்ட்டோ ரிக்கோ ஆக்களோட சேர்ந்து உருவானது. 1964ல தொடங்கின ஃபானியா ரெக்கோர்ட்ஸ் எழுபதுகள்ல சல்சாங்கிற பேர்ல உலகம் பூரா கொண்டுபோச்சு.

மாமா: நம்ம காமன் கூத்துக்கு அப்படியொரு கம்பனி வாய்க்கல. சல்சாவுக்கு அடியில கிடக்கிறது ஆப்பிரிக்கா மேளம்தானே? நம்ம பைலாவுலயும் அந்தச் சனத்தோட பங்கு இருக்கு. புத்தளம் சிரம்பியடிக் காப்பிரிங்க பாட்டைக் கேட்டுப் பாரு.

மருமகன்: பைலா ஆறெட்டுத் தாளம் மாமா. கல்யாண வீட்ல அதைச் சாராயமே எண்ணிக்கும். இதை நாமதான் எண்ணணும்.

மாமா: சரி, ஆடிக் காட்டு... போதும், போதும். காலை ஏன் இம்புட்டுத் தூரம் வைக்கிற? கடன்காரன் வீட்டு வேலியத் தாண்டுற மாதிரி! அடியைச் சின்னதா வை. பாட்டு வேகமானா, தூரம் போன கால் மூணுக்குள்ள வீடு திரும்பாது. நிலத்தையும் பார்க்காத, கால் எங்கயும் ஓடிப் போகாது. இடுப்பை ஏன் வெட்டி வெட்டி ஆட்டுற?

மருமகன்: வீடியோல ஆடுதே.

மாமா: அவன் ஆட்டல, அது ஆடுது. பாரத்தை முழுசா ஒரு கால்ல இறக்கு. முழங்கால் மடிஞ்சு நிமிர்றப்ப இடுப்பு தானா நகரும். அப்புறம் இந்த றப்பர் சப்பாத்து ஆகாது. சுத்துறப்ப உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால்தான் மாட்டும்.

மருமகன்: மாமாவுக்கு எப்படி இதெல்லாம்?

மாமா: மாசி மாசம் ராப்பூரா தப்புக்கு ஆடின ஒடம்பு. ரதி வேஷம் கட்டுனவனும் ஆம்பளதான். கையைப் புடிச்சு இழுத்தா அங்கயே திட்டுவான். கை வழி காட்டத்தான், இழுக்க இல்ல.

மருமகன்: அதைத்தான் ‘லீட்’டுங்கிறாங்க.

மாமா: உன் ஆபீஸுக்கும் சொல்லிக் குடு. எண்ணுறதையும் மெதுவா விடு. மேளத்தைக் கேளு.

மருமகன்: சல்சாவுல க்ளாவேன்னு ரெண்டு குச்சி இருக்கு. ரெண்டு தாள அளவுக்குள்ள அஞ்சு தட்டு. பாட்டையே அதுதான் புடிச்சு வச்சிருக்கு.

மாமா: எங்களைப் புடிச்சு வச்சது தப்பு. ராவுல ஆட வச்ச அதே தப்பை அடிச்சுத்தான் விடியக்காலம் வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கும் எழுப்புனாங்க. ஒரு கொட்டு சாமிக்கு, மறு கொட்டு தொரைக்கு. ஸ்ட்ரெஸ்ஸுன்னு எவனாவது சொல்லியிருந்தா கங்காணி அரைநாள் சம்பளம்னு அரைப்பேர் போட்டிருப்பான்.

மருமகன்: ...மறுபடி ஆடுறேன், பாருங்க. அட, இப்ப வருது மாமா! நெஞ்சும் லேசாயிருச்சு.

மாமா: அப்ப நல்ல நேரம். என் ஆட்டோ உங்க கம்பனி லீசிங்தானே?

மருமகன்: ஆமா...

மாமா: மூணு தவணை ஒழுங்கா கட்டினேனா?

மருமகன்: கட்டினீங்க. இந்த மாசம்...

மாமா: நாலுல நிக்கணும்.

மருமகன்: மாமா, கம்பனிக்கு சல்சா தெரியாது!

மாமா: அஞ்சு, ஆறு, ஏழு பிசகாமக் கட்டிடுவேன். எட்டாவது மாசம் வா, பேசிக்கலாம்.