பத்தரை டன் பஸ்கி

வாசகர், குமாரலிங்கபுரம்: எனக்கு மில்லில் ஷிப்ட் வேலை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட். ஸ்குவாட்டில் நூறு கிலோவோடு நிற்கிறேன். பல மாதமாக ஏறவில்லை. ஜிம்மில் ஓர் அண்ணன் 'ஸ்மோலோவ்' என்ற ரஷ்ய அட்டவணையை எழுதிக் கொடுத்தார். இறங்கிவிடட்டுமா?

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், தம்பி. வாரம் நான்கு நாள் ஸ்குவாட். முதல் நாள் 70 கிலோவை ஒன்பது தடவை, நான்கு செட். அடுத்த நாள் 75 கிலோ, ஏழு தடவை, ஐந்து செட். மூன்றாம் நாள் 80 கிலோ, ஐந்து தடவை, ஏழு செட். நான்காம் நாள் 85 கிலோ, மூன்று தடவை, பத்து செட். ஆக 136 தடவை உட்கார்ந்து எழ வேண்டும். மொத்தச் சுமை 10,495 கிலோ. ஒரு பேல் பஞ்சு 170 கிலோ என்றால், ஒரே வாரத்தில் 61 பேலுக்கு மேல்! உங்கள் ஊரில் 1,052 ஏக்கரில் வரும் ஜவுளிப் பூங்காவுக்கு லோடு இறக்க உங்கள் ஒருவர் தோளே போதும். அடுத்த வாரம் இதே பாரில் 10 கிலோ கூடும்; அதற்கடுத்த வாரம் இன்னும் 5 கிலோ.

பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். தாக்குப்பிடித்தவர்களுக்கு எடை ஏறியிருக்கிறது. ஆனால் அது வருடக்கணக்கில் பார் பிடித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிறவர்களுக்கான அளவு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தகரக் கூரைக்கடியில் பகல் வெயிலில் தூங்கும் தூக்கம் எத்தனை மணி நேரம்? தசை வளர்வது அந்தத் தூக்கத்தில்தான். சோவியத் பளுதூக்கும் பயிற்சியாளர் பிரிலெபின் ஓர் அட்டவணை போட்டார்: உச்ச எடையில் 70 முதல் 80 சதவீதம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 18 தடவை, 80 முதல் 90 என்றால் 15. அது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க்குக்கான கணக்கு. ஸ்குவாட்டில் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் உங்கள் அண்ணன் முதல் நாளே 36 கேட்கிறார்.

நான் சொல்வது இது. இப்போது வாரத்துக்கு எத்தனை செட் போடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஆறு என்றால் எட்டாக்குங்கள். இரண்டு நாளாகப் பிரித்து, 75, 80 கிலோவில், இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையிலேயே பாரை வையுங்கள். அடுத்த மாதம் பத்தாக்குங்கள். நான்காவது வாரம் செட்டைப் பாதியாக்கிவிட்டு, அது முடிந்ததும் நூற்றிரண்டரையைத் தொட்டுப் பாருங்கள். நைட் வாரத்தில் ஒரு செட்கூடக் கூட்ட வேண்டாம்.

வாசகர், அருப்புக்கோட்டை: பத்து செட், பத்து தடவை போட்டால்தான் உடம்பு ஏறும் என்கிறார் எங்கள் மாஸ்டர். அதிகம் போட்டால் அதிகம் கிடைக்காதா?

ஒரு எல்லை வரை கிடைக்கும். வாரத்துக்கு ஒரு தசைக்கு ஐந்து செட்டுக்கும் கீழே போடுகிறவரைவிடப் பத்து செட் போடுகிறவருக்குத் தசை கூடுதலாக வளர்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017-இல் எழுதினார்கள். மாஸ்டர் கேட்பதோ ஒரே நாளில், ஒரே பயிற்சியில் பத்து செட்! அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே 2017-இல் அமிர்தலிங்கம் என்ற ஆய்வாளர் சிட்னி பல்கலைக்கழகக் குழுவினரோடு 19 ஆண்களை இரண்டு அணியாகப் பிரித்தார். ஓர் அணிக்கு முக்கியமான பயிற்சிகளில் பத்து செட், இன்னோர் அணிக்கு ஐந்து. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், பெஞ்ச் பிரஸ்ஸிலும் லேட் புல்டவுனிலும் கூடுதலாக எடை ஏற்றியது ஐந்து செட் அணி. தசையிலும் பத்து செட் அணி முந்தவில்லை. ஆட்கள் குறைவு, காலமும் குறைவுதான். ஆனாலும் பத்துக்குப் பத்துதான் வேதம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று. டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களின் கால்களை எடை தூக்க வைத்தே தேற்றினார். 1945-இல் அவர் சொன்ன அளவு 70 முதல் 100 தடவை. மூன்றே வருடத்தில், 1948-இல், 20 முதல் 30 தடவையே மேல் என்று அவரே குறைத்துவிட்டார். நம் ஜிம்களில் புதிதாகச் சேர்பவருக்குச் சொல்லும் 'மூணு செட், பத்து தடவை' அங்கிருந்து வந்ததுதான். தன் கணக்கைத் தானே திருத்தியதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

வாசகர், திருச்சுழி: இளவட்டக்கல்லைத் தூக்கிய எங்கள் தாத்தாமார் எந்த அட்டவணை வைத்திருந்தார்கள்?

கமலை இறைப்பு, உழவு, மூட்டை, வரப்பு வெட்டு. இதைவிடப் பெரிய அட்டவணை வேண்டுமா? கல்லைத் தூக்கும் விதத்தைப் பாருங்கள்: குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்து, தொடைமேல் உருட்டி, நெஞ்சோடு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய் முதுகுப்பக்கம் தள்ள வேண்டும். வழுவழுப்பான உருண்டைக் கல். பிடிக்க விளிம்பு கிடையாது. நெல்லைச் சீமையில் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றைக்கும் போட்டி வைக்கிறார்கள். கல்லின் எடையை இரண்டரைக் கிலோ கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அது வருடத்துக்கு ஒருமுறை எழுதும் பரீட்சை. படிப்பு வயலில் நடந்தது. தினமும் உச்ச எடையைத் தொட்டுப் பார்க்கும் இளைஞர்கள் படிக்காமலே பரீட்சை எழுதுகிறார்கள்.

வாசகி, காரியாபட்டி: மகன் எடை தூக்க ஆரம்பித்ததிலிருந்து புரோட்டீன் பவுடர் டப்பா கேட்கிறான்.

60 கிலோ பையனுக்கு நாளைக்குச் சுமார் 95 கிராம் புரதம் தாராளம். நான்கு முட்டையில் 24, நூறு கிராம் நிலக்கடலையில் 25, நூறு கிராம் துவரம் பருப்பில் 22. மீதியைச் சோறு, கம்பங்கூழ், தயிர் பார்த்துக்கொள்ளும். பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய்.

வாசகர், பாலவநத்தம்: போன மாதம் 75 கிலோ பெஞ்ச் போட்டேன், இந்த மாதம் 70-க்கே திணறுகிறேன். பயிற்சி வீணா?

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் தொடைக் காயத்தோடு தூக்கியது 317. அதற்கும் தங்கம்தான்! சோர்வில் இருக்கும் உடம்பு தன் பலத்தை முழுதாகக் காட்டாது. ஒரு வாரம் செட்டைப் பாதியாக்குங்கள். அப்புறமும் ஏறாவிட்டால் அட்டவணையை மாற்றுங்கள்.

வாசகர், நரிக்குடி: சேர்ந்த முதல் நாளே இருநூறு பஸ்கி போட வைத்தார்கள். தொடை வீங்கிவிட்டது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. இரண்டு நாளில் சரியாகிவிடுமா?

காத்திருக்காதீர்கள். பழக்கமில்லாத உடம்பில், அதுவும் சித்திரை வெயிலில், அளவுக்கு மீறிப் போட்டால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். தைலம் தேய்த்தோ வலி மாத்திரை போட்டோ பார்க்கும் விஷயம் இல்லை. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பஸ் ஏறுங்கள்.