எடைக்கு எடுக்காத டியூப் லைட்

கேள்வி: ஃபியூஸ் போன டியூப் லைட்டைக் காயலான் கடைக்காரர்கூட வாங்க மாட்டேன் என்கிறாரே, யாரிடம்தான் கொடுப்பது?

பதில்: அவர் கெட்டிக்காரர். உள்ளே இருப்பது கண்ணாடி, கொஞ்சம் பொடி, சில மில்லிகிராம் பாதரசம். எதுவும் தராசில் நிற்காது.

சட்டப்படி அது தயாரித்த கம்பெனியின் தலைவலி. லேட்டாகப் புரிந்துகொள்கிறவனை 'டியூப் லைட்' என்போம் இல்லையா? சட்டமும் அந்த ரகம்தான். 2011-ல் வந்த மின்னணுக் கழிவு விதிகளில் விளக்குகளுக்கு இடமில்லை. சிமிட்டிச் சிமிட்டி 2016-ல்தான் பளிச்சென்று எரிந்தது. 2022 விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழோ தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு எவ்வளவு மீட்டார்கள் என்பதை வைத்து. பாதரசம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, அரசாங்கத் தராசும் காயலான் கடைத் தராசும் ஒரே கடையில் வாங்கியவை போலிருக்கிறது!

கம்பெனியின் சேகரிப்பு மையத்தை விசாரித்து அங்கே கொடுங்கள். அதுவரை உடையாமல் அட்டைப் பெட்டியில் வையுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். துடைப்பத்தை மட்டும் எடுக்காதீர்கள். என் வீட்டுப் பரணில் ஏற்கெனவே நான்கு டியூப் லைட்டுகள் இருக்கின்றன, இங்கே அனுப்பிவிட வேண்டாம்.