கம்பத்தை மட்டும் கேட்காதீர்கள்

மார்கழியில் எங்கள் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் ஃபேன் ஓடாது. ஓடினால் வீட்டில் யாராவது எழுந்து, திட்டிவிட்டு, அணைத்துவிட்டுப் படுப்பார்கள். விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கியும் இட்லிக் கடை கிரைண்டரும்தான் கரண்ட் குடிக்கிற பெரிய பிராணிகள். மே மாதத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 20,000 மெகாவாட்டுக்கு மேல் கொட்டி அழுது மூச்சு வாங்குகிற கிரிட், மார்கழியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த மாதத்திலும் இங்கே கரண்ட் போகிறது. மண்டியில் அரிசி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, வாங்க ஆளில்லை, ஆனாலும் உங்கள் இலையில் சோறு விழவில்லை. நீங்கள் அரிசி மேல் கோபப்படுவீர்களா, மூட்டையை ஏற்றி வருகிற வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்களா?

நாம் வண்டியைக் கேட்போம். மைக் பிடித்தவர்கள் அரிசியைத்தான் கேட்பார்கள். ஏனென்றால் வண்டி அவர்களுடையது.

புதுச்சேரிக்குச் சொந்த அடுப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று. மற்றதெல்லாம் பார்சல் சாப்பாடு. நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் என்று வெளியிலிருந்து வாங்குகிறோம். வாங்கி வந்து வாசலில் சேர்ப்பது ஒன்றுதான் இங்கே செய்யவேண்டிய வேலை. அந்த ஒரு வேலை படுத்துக்கொள்கிற ராத்திரியில்தான் நிலக்கரி, அணு, சூரியன், காற்று என்று பஞ்சபூத ஆராய்ச்சி ஆரம்பமாகும்.

இந்த வித்தையில் உலக சாம்பியன் அமெரிக்காவின் டெக்சாஸ். 2021 பிப்ரவரியில் அங்கே பனிப்புயல் அடித்து 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. அரசாங்கக் கணக்கிலேயே 246 பேர் செத்தார்கள், பலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே விறைத்து. ஆளுநர் கிரெக் அபாட் டிவியில் உட்கார்ந்து காற்றாலையையும் சூரியப் பலகையையும் கைகாட்டினார். (அங்கே ஆளுநர் என்றால் ஓட்டு வாங்கி ஜெயித்து வருகிறவர். புதுச்சேரிக்காரர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம்.) உறைந்த காற்றாலை மேல் ஹெலிகாப்டரிலிருந்து எதையோ தெளிக்கிற படம் ஒன்று கைபேசிக்குக் கைபேசி பறந்தது. படம் சுவீடனில், பல வருஷம் முன்பு எடுத்தது. காற்றாலைகளும் உறைந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவிழ்ந்து விழுந்ததில் பெரும்பங்கு இயற்கை எரிவாயு. கிணற்று வாய் உறைந்தது, குழாய் உறைந்தது, நிலையத்தின் மானி வரை உறைந்தது. மொத்த கிரிட்டும் சுருண்டு விழ 4 நிமிடம் 37 விநாடிதான் பாக்கி. பத்து வருஷம் முன்பு, 2011 பிப்ரவரியில், இதே குளிர் இதே கூத்தை ஒரு முறை ஆடிக் காட்டியிருந்தது. இயந்திரங்களுக்குக் குளிர் தாங்கும் ஏற்பாடு செய்யுங்கள் என்று அப்போதே அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் செலவாகும். காற்றின் மேல் பழி போடக் காலணா செலவில்லை.

அவர்கள் நம்மிடம் டியூஷன் வந்திருக்கலாம். தமிழ்நாட்டில் காற்று பட்ட பாடு மாமியார் வீட்டு மருமகள் பட்டிருக்க மாட்டாள். வைகாசி முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்று கொட்டும். கொட்டுகிற காலத்தில், கம்பி தாங்காது, வேண்டாம் என்று காற்றாலையை நிறுத்தச் சொன்னார்கள். எடுத்துக்கொண்ட மின்சாரத்துக்கும் மாதக்கணக்கில் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். மார்கழி வந்ததும் அதே காற்றைப் பார்த்து, 'பாருங்கள், வீசவில்லை, நம்ப முடியாத பொருள்' என்றார்கள். பருவக்காற்று எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும் என்பது அரிக்கமேட்டுக்குக் கப்பல் விட்ட ரோமாபுரி மாலுமிக்குத் தெரிந்திருந்தது. மின்சாரம் பற்றி மேடையில் முழங்கியவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் அது அதிர்ச்சித் தகவல்.

2012-இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டு. எல்லையில் முள்ளோடை தாண்டினால் இருட்டு என்று எங்கள் ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொண்ட காலம் அது. அப்போது கிடைத்த குற்றவாளி, கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை மீனவர். அவர் பந்தலில் உட்கார்ந்திருப்பதால்தான் கோயம்புத்தூரில் தறி நிற்கிறது என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. கூடங்குளத்தின் முதல் உலை கிரிட்டோடு இணைந்தது 2013 அக்டோபரில். அதைவிட முக்கியமான தேதி ஒன்று உண்டு, அதை யாரும் மேடையில் சொல்லமாட்டார்கள். தென்னக கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு முழுதாக இணைந்தது 2013 டிசம்பர் 31, ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி வழியாக. அதுவரை வடக்கே மிச்சம் இருந்தாலும் வேண்டிய அளவு கொண்டுவரக் கம்பி போதாது. இல்லாத கம்பி மேல் யார் வழக்குப் போட்டார்கள்?

பிறகு 2021 ஜூனில் அணில் வந்தது. மின்துறை அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜி, கம்பியில் அணில் ஓடுவதால் இரண்டு கம்பி உரசி மின்தடை ஆகிறது என்றார். தமிழ் கூறும் நல்லுலகம் ஒரு வாரம் சிரித்தது. டாக்டர் ராமதாஸ் கேலி செய்தார். ராமர் தடவிய முதுகுக்கு இந்தப் பழி தேவையா என்று நானும் சிரித்தேன். அப்புறம்தான் கவனித்தேன். அமைச்சர் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: முந்தைய ஆட்சியில் மாதக்கணக்காகப் பராமரிப்பு நடக்கவில்லை, மரக்கிளை கம்பியைத் தொடுகிறது, அந்தக் கிளையில்தான் அணில் ஏறி வருகிறது. முழுப் பேச்சிலும் உருப்படியான வார்த்தை 'பராமரிப்பு'. அதை யாரும் கேட்கவில்லை. ஆளுங்கட்சிக்கு அது நாளைக்குத் தன்மேல் திரும்பும், எதிர்க்கட்சிக்கு அது நேற்றைய தன் கதை, பத்திரிகைக்கு அதில் வால் இல்லை.

டெக்சாசுக்கு எச்சரிக்கை வந்த அதே 2011-இல் எங்களுக்கும் வந்தது. டிசம்பர் 30 விடிகாலையில், தானே என்ற புயலாக. கம்பங்கள் முருங்கைக்கொம்பு மாதிரி ஒடிந்தன. பல தெருக்களில் நாள்கணக்கில் இருட்டு, கடலூர்ப் பக்கத்து கிராமங்களில் வாரக்கணக்கில். பதின்மூன்று வருஷம் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் வந்தது. கரை ஏறியதும் கிளம்பிப் போகாமல், வந்த சம்பந்தி போல இங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு புயலுக்கும் முதலமைச்சர் ஒருவரே. இரண்டுக்கும் நடுவில் மாறியது புயலின் பெயர்.

டிசம்பர் முதல் தேதி காலையில் எங்கள் தெருமுனைக் கம்பத்தைப் போய்ப் பார்த்தேன். குட்டையில் தலை, சாலையில் கால். இரும்புக் கம்பம். மேலே பெயின்ட் பளபளப்பு, தரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் துரு தின்று அப்பளமாக இருந்தது. ஒடிந்த வாய்க்குள் விரலை விட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு ராத்திரிக் காற்று தின்ற தீனி இல்லை அது, பத்து வருஷத்து உப்பு தின்றது. முழங்கால் தண்ணீரில் கயிறும் மூங்கிலுமாக நின்ற லைன்மேனிடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார்: "தம்பி, நெய்வேலியில ஓட்டறத நிறுத்திட்டானாமே, நிஜமா?" கைபேசியில் அப்படித்தான் வந்திருந்ததாம்.

லைன்மேன் நிமிராமலே சொன்னார்: "கரண்டு இல்லாம இல்ல, பெரியவரே. சப்-ஸ்டேஷன் வரைக்கும் வந்து நிக்குது. வர்றதுக்கு வழிதான் குட்டையில கெடக்குது."

அவர் கையில் ரப்பர் உறை இல்லை. மழைக்கோட்டும் இல்லை, ஒரு உர மூட்டைப் பை. நிரந்தர வேலையா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

இப்படிப்பட்ட ஆள்தான் 2022-இல் எங்கள் ஊரின் குற்றவாளி ஆனார். யூனியன் பிரதேசங்களின் மின்வினியோகம் தனியாருக்கு என்று 2020 மே மாதம், ஊரடங்கில் ஊர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2022 செப்டம்பர் கடைசியில் புதுச்சேரியில் டெண்டர் விட்டார்கள். ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி ஊர் ஊராக இருண்டது. மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஊழியர்களின் சதி என்றது அரசுத் தரப்பு. எஸ்மா பாயும் என்றார்கள், துணை ராணுவம் வந்து இறங்கியது. அதே வருஷம் பிப்ரவரிக் குளிரில் சண்டிகரில் இதே நாடகம் ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தது. தனியார்மயத்தை எதிர்த்து வேலைநிறுத்தம், நகரம் இருட்டு, விளக்கு போட ராணுவப் பொறியாளர்கள் வந்தார்கள்.

கவனியுங்கள், அன்றைக்கு ஒருவர்கூட நிலக்கரி என்று சொல்லவில்லை. காற்று வீசவில்லை என்று சொல்லவில்லை. அணில் எங்கே போனது? மின்சாரம் என்பது கம்பியும் கம்பமும் அதில் ஏறுகிற ஆளும்தான் என்று ஒரே ராத்திரியில் ஞானோதயம் வந்துவிட்டது. எப்போது? அந்தக் கம்பியையும் கம்பத்தையும் விலை பேசும்போது. ஆளை நியமிக்கச் சொன்னால் காது கேட்காது, துருவைக் காட்டினால் கண் தெரியாது, விற்கப் போகும்போது மட்டும் அத்தனை அவயவமும் வேலை செய்யும். பத்து வருஷம் சோறு போடாமல் மாட்டை எலும்பாக்கிவிட்டு, சந்தைக்கு ஓட்டிப் போகையில் 'பாருங்கள், பால் கறக்காது' என்று சொல்கிற குடும்பத்தில் பிறந்தவர்கள் இவர்கள்.

வீராம்பட்டினம் சாலையில் மார்கழி விடிகாலையில் நடந்து பாருங்கள். கம்பத்து உச்சியில் இன்சுலேட்டர் உஸ்ஸென்று சீறும். சில நேரம் நீல நிறத்தில் ஒரு பொறி. கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு பீங்கான் மேல் படிந்திருக்கும். பெருமழை அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பனி கழுவாது, நனைத்து மட்டும் விடும். நனைந்த உப்பு மின்சாரத்தைத் தரைக்கு இழுக்கும், ஃபீடர் டிரிப் ஆகும், அரியாங்குப்பம் இருளும். அந்த நேரத்தில் நெய்வேலியில் எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கல்பாக்கமும் ஓடும். இதற்குத் தேவை ஒரு ஏணி, தண்ணீர், துணி, நாலு ஆள். அல்லது உப்பைத் தாங்குகிற சிலிக்கோன் இன்சுலேட்டர். இதற்கு அடிக்கல் நாட்ட முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. கழுவின இன்சுலேட்டர் பக்கத்தில் நின்று யார் போட்டோ எடுத்துக்கொள்வார்?

எங்கள் தெருமுனையில் புதுக் கம்பம் நட்டார்கள். சிமென்ட் கம்பம், நிமிர்ந்து நின்றது. கம்பி மறுநாள் வரும் என்றார்கள். மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது கம்பி வந்திருக்கவில்லை. ஃப்ளெக்ஸ் வந்திருந்தது. அண்ணன் ஒருவர் இரு கை கூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, புயலை வென்ற புதுவைக்குப் புத்தாண்டு வாழ்த்து சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல கட்டுக்கம்பி போட்டு, நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அடுத்த புயலுக்கும் தாங்கும்.