பிரேவ் மர்டர் டே கேட்டோர் கூற்று: ஓர் ஆய்வு (மழையியல் உட்பட)

ஆய்வேடு என்றால் முதலில் ஆய்வுச் சிக்கலைச் சொல்லவேண்டும். சிக்கல் இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவாவது வேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. சுவீடன் நாட்டுக் கட்டடோனியா குழு 1996இல் வெளியிட்ட ‘பிரேவ் மர்டர் டே’ ஆல்பத்தைக் கொண்டாடுவோர் சொல்வது: “எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.” அதைக் கேட்டுத் தூக்கிப் போட்டோர் சொல்வது: “எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.” எழுத்திலும் சொல்லிலும் இம்மியும் வேறுபடாத இவ்விரு கூற்றுகளுள் ஒன்று பாராட்டாகவும் மற்றது ஏச்சாகவும் ஆவது எங்ஙனம்? வஞ்சப்புகழ்ச்சி அணி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த அணியில் ஒருவராவது பொய் சொல்லவேண்டும். இங்கே இருவரும் சத்தியம் செய்கிறார்கள்.

முன்னாய்வுகள்: இல்லை. ஆகவே படிக்க வேண்டியதும் இல்லை, படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

ஆய்வுக் களத்தைச் சற்று விளக்கவேண்டும். டெத் மெட்டலின் உறுமலையும் டூம் மெட்டலின் ஆமை நடையையும் ஒன்றாகக் கட்டி, மேலே ஒரு கிதார் மெட்டை ஒப்பாரிபோல இழுத்துவிட்டால் இந்த வகை இசை பிறக்கும். இதன் மூலத்தைத் தேடிப் போனால் ஒரு பாத்திரம் கழுவும் திரவப் புட்டியில் போய் நிற்கும். பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்த்த டோனி அயோமி 17 வயதில் இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அந்தப் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். அழுத்த வலிக்கிறதே என்று கிதார் தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் அவருடைய பிளாக் சாபத் குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ வந்தபோது சுருதி மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருந்தது. அன்று இறங்கிய சுருதி பின்னர் பல குழுக்களில் ஏறவே இல்லை. அதன்பின் 1990ஐ ஒட்டி வட இங்கிலாந்தில் மூவர் தோன்றினர்: ஹாலிஃபாக்ஸின் பாரடைஸ் லாஸ்ட், பிராட்ஃபோர்டின் மை டையிங் பிரைடு, லிவர்பூலின் அனாதிமா. மூவரையும் வெளியிட்டது பீஸ்வில் என்ற ஒரே நிறுவனம். அமைதியூர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஊரையே அழவைத்தது அந்த நிறுவனம்.

கட்டடோனியா இந்த மூவருக்குக் கடலுக்கு அப்பாலிருந்த உறவுமுறை. 1991இல் ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ரென்க்செயும் ஆண்டர்ஸ் நியூஸ்ட்ரோமும் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் 1993இல். பிறகு ஒரு கலைப்பு, ஒரு மறுகூட்டல். 1996 கோடையில் டான் ஸ்வானோவின் யூனிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து, அவாங்கார்ட் மியூசிக் என்ற இத்தாலிய நிறுவனம் வெளியிட்டதே ‘பிரேவ் மர்டர் டே’. ஆறு பாட்டு, சுமார் 41 நிமிடம். முதல் பாட்டு மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல்.

தலைப்பாய்வு. ‘வீரக் கொலை நாள்’ என்று பெயர்த்து அதற்குள் பலி, விதி, விடியல் என்று தோண்டுவோர் உண்டு. உண்மையில் முதல் பாட்டின் பெயர் பிரேவ், இரண்டாவது மர்டர், மூன்றாவது டே. வெற்றிலைபாக்கு, இராப்பகல் என்பன போல இது வெறும் உம்மைத்தொகை. பிரேவும் மர்டரும் டேயும் என விரியும். இதை அன்மொழித்தொகை எனக் கொண்டு, தொகைக்குப் புறத்தே மறைந்து நிற்கும் பொருளைத் தேடி அலைவோரை இவ்வாய்வு அனுதாபத்துடன் கடந்து செல்கிறது. மீதிப் பாட்டுகளையும் சேர்த்திருந்தால் தலைப்பு ‘பிரேவ் மர்டர் டே ரெயின்ரூம் 12 எண்ட்டைம்’ என்றாகிப் பல்பொருள் அங்காடியின் பில் போல இருந்திருக்கும் என்பது மட்டும் நோக்கத்தக்கது.

இனி, கேட்டோர் வகை.

ஒருரிஃப்பர் என்போர் முதல் வகை. ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் கிதார் துணுக்கு, வரும், வந்தது போகாது, உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கும். அது எட்டாவது முறை திரும்பும்போது இவர்களுள் ஒரு சாரார் கடிகாரத்தைப் பார்ப்பர், மறுசாரார் கண்ணை மூடுவர். இரு சாராரும் பிறகு சொல்லும் வாக்கியம் மேலே காட்டப்பட்டது. கண்ணின் நிலையே பொருளைத் தீர்மானிக்கிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். கருதுகோளை முடிவுரை எழுதி முடித்தபின் எழுதுவதே மரபு என்பதால், அம்மரபும் இங்கே பேணப்பட்டுள்ளது.

தாண்டியர், இரண்டாம் வகை. இவர்கள் மூன்றாம் பாட்டான ‘டே’ வந்ததும் தாண்டி நான்காவதுக்குப் போய்விடுவர். காரணம், அதில் உறுமல் இல்லை. ரென்க்செ தம் சொந்தக் குரலில், மனிதன் மனிதனோடு பேசுவதுபோல, மெல்லப் பாடுகிறார். ஐந்து பாட்டில் உறுமியும் வராத திகில் இந்த ஒன்றில் தாண்டியருக்கு வந்துவிடுகிறது. இதே பாட்டுக்காகவே ஆல்பத்தை வாங்கியதாகச் சொல்லும் எதிர்க்கட்சியும் உண்டு. அவர்கள் மற்ற ஐந்தையும் தாண்டுகிறார்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவர்.

முன்னையர்: “முதல் ஆல்பம்தான் ஆல்பம்.” எந்தக் குழுவுக்கும் பொருந்தும், மேலே விளக்கம் வேண்டா.

ஒலித்தரத்தார்: டிரம்ஸ் சத்தம் சரியில்லை என்பர். விடுக.

இனி மழையியல். இந்த ஆல்பத்தை எப்போது கேட்கவேண்டும் என்ற வினாவுக்கு எல்லா வகையாரும் ஒன்றுபோல் தரும் விடை, மழையில் என்பது. இவ்வளவு கருத்து வேறுபாட்டுக்கு நடுவே ஒரு கருத்தொற்றுமை கிடைத்தால் ஆய்வாளன் அதை விடலாகாது. ஆனால் எந்த மழை? தூறலா, சாரலா, அடைமழையா? “மழை” என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது கேட்டோரின் அலட்சியத்தையே காட்டுகிறது. ஆகவே வகுத்துரைப்போம். நின்ற இடத்திலேயே நின்று நாள் முழுக்கப் பெய்வது அடைமழை, இது ‘பிரேவ்’. குறுகிய நேரத்தில் தலையில் கொட்டுவது ஆலங்கட்டி, இது ‘மர்டர்’. குடையை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கவைப்பது தூறல், இது ‘டே’. தாண்டியர் குடை எடுத்துக்கொண்டு போய்விடுவர். காற்றோடு சாய்ந்து வந்து திண்ணையில் இருப்பவனையும் நனைப்பது சாரல், இது ‘12’. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, ஆல்பம் முடிந்து அரைமணி கழித்தும் மண்டைக்குள் சொட்டிக்கொண்டிருக்கும் ‘எண்ட்டைம்’ அந்தத் தூவானம்.

எஞ்சியது நான்காம் பாட்டு. அதன் பெயரே ‘ரெயின்ரூம்’, மழை அறை. இங்கேதான் உரையாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மழையை உடைய அறை என இரண்டாம் வேற்றுமையாய் விரிப்பின் கேட்பவன் உள்ளே நனைகிறான். மழைக்கு அறை என நான்காவதாய் விரிப்பின் வாடகை தருவது மழை, கேட்பவன் விருந்தாளி. மழையினின்று காக்கும் அறை என ஐந்தாவதாய் விரிப்பின் அவன் உலர்ந்திருக்கிறான். உலர்ந்தவனுக்கு இவ்வளவு சோகம் எதற்கு? மழைக்கண் அறை என ஏழாவதாய் விரிப்பின் அறை நனைகிறது, அவன் நனையவில்லை, கூரை ஒழுகும்வரை. ‘துயரிலக்கணம்’ என்னும் இன்னும் எழுதப்படாத நூலின் மூன்றாம் படலம் இரண்டாம் வேற்றுமையை ஆதரிக்கிறது. அந்நூலுக்கு இன்னும் எழுதப்படாத பழைய உரை ஏழாம் வேற்றுமையை ஆதரிக்கிறது. உரையை மறுத்து எழுந்திருக்க வேண்டிய மறுப்பு நூல், மூலநூல் எழுதப்படாத காரணத்தால், சினம் ஒன்றையே சான்றாக விட்டுச் சென்றது. அச்சினத்தைத் தாங்கிய ஏட்டைக் கரையான் அரித்துவிட, அக்கரையானின் மரபுவழி வந்த ஒரு கரையானை இவ்வாய்வாளர் நேரில் கண்டு வினவினார். அது ஐந்தாம் வேற்றுமைக் கட்சி. ஈரம் அதற்கு ஆகாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு தகவல் சங்கடம் தருகிறது. ஆல்பம் கோடையில் பதிவானது. ஜூலையில் சுவீடனில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும். மக்கள் ஏரிக்கரையில் சட்டையைக் கழற்றிப்போட்டுக் கிடக்கும் பருவத்தில் இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருண்டிருக்கிறார்கள். இது மழைக்கொள்கையை அடியோடு சாய்க்காதா என்றால், சாய்க்காது. கருதுகோளுக்கு ஒத்துவராத சான்றை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடுவது பல்கலைக்கழகங்கள் போற்றிக் காத்துவரும் முறை. பல ஆய்வேடுகளில் உண்மை குடியிருப்பது அடிக்குறிப்பில்தான். இக்கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லை.

உறுமல் பற்றிய கூற்றுகள் தனியே நோக்கத்தக்கன. “கட்டடோனியாவின் அசல் குரல் இதுதான்” என்பது இந்த ஆல்பத்தின் அன்பர்கள் பலரின் கட்சி. அசல் குரல் யாருடையது? முதல் ஆல்பத்தில் உறுமிய ரென்க்செக்கு அதற்குப்பின் அப்படி உறுமத் தொண்டை இடங்கொடுக்கவில்லை. அவர் டிரம்ஸில் உட்கார்ந்துகொண்டு, நண்பரும் ஓபெத் குழுவின் பாடகருமான மிகேல் ஓகர்ஃபெல்டை அழைத்துவந்து உறுமவைத்தார். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிய காப்பிப் பொடியில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, “இதுதான் இந்த வீட்டுக் காப்பி” என்று சாதிக்கும் விருந்தினரை இங்கு ஒப்பிடலாம். அதே ஆண்டில் ஓகர்ஃபெல்ட் தம் வீட்டுக்கும் ‘மார்னிங்ரைஸ்’ என்று ஓர் ஆல்பம் தந்திருந்தார், அதே யூனிசவுண்ட் கூடத்தில். 1997இல் ‘சவுண்ட்ஸ் ஆஃப் டீகே’ என்ற சிறு தட்டுக்கு இன்னொரு முறை கைமாற்று. 1998இல் ‘டிஸ்கரேஜ்டு ஒன்ஸ்’ வந்தபோது உறுமல் போய், ‘டே’ பாட்டின் மெல்லிய குரல் ஆல்பம் முழுக்கப் பரவிவிட்டது. தாண்டியருக்கு அந்த ஆல்பத்தில் தாண்டுவதற்கு மட்டுமே பாட்டுகள் கிடைத்தன.

உறுமலைத் துறப்பது இவ்வகை இசையில் ஓர் ஆசிரமம் போலும். பாரடைஸ் லாஸ்டின் நிக் ஹோம்ஸ் 1990களின் நடுவில் துறந்தார். 1999இல் ‘ஹோஸ்ட்’ ஆல்பத்தில் குழு கிதாரைப் பின்னுக்குத் தள்ளி மின்னணு இசைக்குப் போய் அன்பர்களைத் திடுக்கிடவைத்தது. பிறகு அவரே 2015இல் ‘தி பிளேக் விதின்’ ஆல்பத்தில் மறுபடி உறுமினார். கைமாற்றுக் கொடுத்த ஓகர்ஃபெல்டும் 2011இல் ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தில் துறந்தவர். ஓபெத் ஆல்பத்தில் அந்த உறுமல் திரும்பிவர 2024இன் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வானப்பிரஸ்தம் போய் மறுபடி இல்லறத்துக்குத் திரும்பும் இந்த வழக்கத்துக்குச் சாத்திரத்தில் இடமுண்டா என்பது வேறு துறையாரின் கவலை. அன்பர்களைப் பொறுத்தவரை, போனால் “துரோகம்”, வந்தால் “பழைய உறுமல் மாதிரி இல்லை.” ஒரே மாதிரி இருப்பது குற்றமா குணமா என்று தொடங்கிய ஆய்வுக்கு, ஒரே மாதிரி இல்லாததும் இருவகைப்படும் என்ற கூடுதல் பேறு இவ்வாறு கிட்டியது.

மேலாய்வுக்குரிய தலைப்புகளாக ‘டே’யைத் தாண்டுவோரின் கட்டைவிரல் அசைவும், மழை பெய்யாத ஊர்களில் ‘ரெயின்ரூம்’ கேட்போரின் வேற்றுமை உருபுகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவ்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்வாளர் தம் நெறியாளரின் அறைக்குச் சென்று, வாய்மொழித் தேர்வுக்கு வாங்கிய பிஸ்கட்டில் ஒரு பொட்டலத்தை மேசைமேல் பிரித்துவைத்து, ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார். நெறியாளர் ‘பிரேவ்’ முடியும்வரை, பத்து நிமிடத்துக்கு மேல், தலையை ஆட்டியபடி பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, “சரி தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றார். இக்கூற்று மேற்கண்ட எவ்வகையிலும் அடங்காமையின் தனித்து வைக்கப்பட்டுள்ளது.